கூத்தாநல்லூர் குர்ஆன் இலக்கண வகுப்பு: தாராளமாகச் சேரலாம்

மஃரிப் (அந்தி நேர) தொழுகைக்குப் பிறகு நடக்கிறது. எழுத்துக் கூட்டி ஓதத் தெரிந்தால் போதும். மொழியியலாளர் ஹாலிடேயின் செயல்பாட்டு இலக்கணம் வினைகளை செய்தல், உணர்தல், சொல்லுதல், உறவு உட்பட 6 வகையாகப் பிரிக்கிறது. அதை வைத்து உஸ்தாத் (ஆசிரியர்) குர்ஆனின் 'இக்லாஸ்' சூராவை (அத்தியாயத்தை) விளக்கியது அபாரம்.

மொத்தமே 4 வசனம். 'குல்' ('சொல்') என்பது சொல்லுதல் வினை, அதுவும் ஏவல். அடுத்த 'ஹுவல்லாஹு அஹத்' வினையே இல்லாத உறவு வாக்கியம். 'அவன் ஒருவன்' என்று தமிழிலும் அப்படித்தானே சொல்கிறோம்! பிள்ளை பெறுதலும் பெறப்படுதலும் 'லம்' என்ற 'இல்லை'ச் சொல் சேர்ந்து எதிர்மறையாகவே வருகின்றன. சின்னப் பிள்ளையிலிருந்து ஓதும் சூரா, எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

குறை ஒன்று: ஜெராக்ஸ் தாளில் எழுத்து ரொம்பப் பொடி, ஹரகத் (உயிரொலிக் குறிகள்) தெரியவில்லை. வயதானவர்களுக்காகப் பெரிதாக அச்சடிக்கலாம். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. திருவாரூர், மன்னார்குடி பக்கமிருந்து வருகிறவர்கள் திரும்பிப் போக பஸ் நேரம் விசாரித்துக்கொண்டு வாருங்கள்.