போலீஸ் உடைத்த பைக்கும் ஃபுல் கவர் இன்சூரன்ஸும்

கம்பெனி பெயர் வேண்டாம், பாலிசி வாசகம் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓன் டேமேஜும் (நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான கவர்) சேர்ந்த பைக் பாலிசிக்கு என் மார்க் 5க்கு 3.

எங்கள் தெருமுனையில் நடந்த மறியல் தடியடியில் முடிந்தது. கூட்டம் ஓடிவிட்டது, போலீஸ்காரர்களுக்குக் கோபம் ஆறவில்லை போல, டீக்கடை வாசலில் நிறுத்தியிருந்த வண்டிகள் மேல் லத்தி விழுந்தது. என் பைக்கில் ஹெட்லைட், இண்டிகேட்டர், மீட்டர் எல்லாம் காலி, டேங்க் வேறு நசுங்கியிருந்தது. 2017 ஜனவரி 23 அன்று மெரினாவில் ஜல்லிக்கட்டுக் கூட்டத்தைக் கலைத்தபோது போலீஸ் சீருடையில் இருந்தவர்கள் வண்டிகளை உடைத்த வீடியோக்களை ஊரே பார்த்தது, அதை விசாரிக்க ராஜேஸ்வரன் கமிஷன்கூட வைத்தார்கள். ஆனாலும் நம் வண்டிக்கு வரும் என்று யார் நினைப்பது?

சரி, பாலிசிக்கு வருவோம். கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யும் சேதம் எல்லாம் ஓன் டேமேஜில் அடக்கம். சேதத்தை மதிப்பிட கம்பெனி சர்வேயர் வந்தார், போட்டோ எடுத்தார், தன்மையாகப் பேசினார். சிக்கல் அவர் கேட்ட போலீஸ் பேப்பரில்தான். வண்டியை உடைத்தவர்களிடமே போய் நின்று புகார் கொடுக்க வேண்டும்! ஸ்டேஷன் ரைட்டர் மனுவைப் படித்துவிட்டு, "போலீஸ்னு இருக்கிறத அடையாளம் தெரியாத நபர்கள்னு மாத்திக் குடுங்க சார், இப்பவே சி.எஸ்.ஆர். ரசீது போட்டுடலாம்" என்றார். மாற்றினால் க்ளைம் சுலபம்தான், ஆனால் பின்னால் அரசிடம் நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போனால் நம் மனுவே நமக்கு எதிராக நிற்கும். நான் மாற்றவில்லை. அப்படியே எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் தபால் ரசீதையும் க்ளைமோடு வைத்தேன், கம்பெனி முனகிக்கொண்டே ஏற்றுக்கொண்டது.

வந்த பணம் முழுசாக இல்லை. பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழிப்பார்கள், லத்தி உடைப்பதோ பெரும்பாலும் பிளாஸ்டிக்கைத்தான். அதோடு, க்ளைம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 35 சதவீதம் வரை ஏறியிருந்த நோ க்ளைம் போனஸும் போச்சு. உடைத்தது யாரோ, அடுத்த வருஷம் கூடுதல் பிரீமியம் கட்டுவது நான். இதற்குத்தான் இரண்டு மார்க் குறைத்தேன்.

அதே அடியில் வண்டி உடைந்த டீக்கடை அண்ணனுக்கு அந்தப் பணமும் இல்லை. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய பைக்குகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்) 5 வருஷத்துக்குச் சேர்ந்தே வருகிறது, ஓன் டேமேஜ் பெரும்பாலும் முதல் வருஷத்தோடு முடிந்துவிடும். அவரோ கையில் பாலிசி பேப்பர் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தார். "ஹைகோர்ட்ல ரிட் போடுங்கண்ணே" என்றால், "ஹெட்லைட்டுக்கு வக்கீல் ஃபீஸ் யார் குடுப்பா தம்பி?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

உங்கள் பாலிசியில் ஓன் டேமேஜ் எந்தத் தேதியோடு முடிகிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்கும்போது ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) சேர்த்துக்கொள்ளுங்கள், கொஞ்சம்தான் கூட ஆகும், பிளாஸ்டிக்குக்கு அந்தப் பாதிக் கழிவு இருக்காது.