கண்ணை மூடும் ஒட்டா, சொட்டு மருந்தா?

என் மகளுக்கு நான்கு வயதில் கண்ணாடி போட்டோம். வலக்கண்ணுக்குப் பிளஸ் 6.5, இடக்கண்ணுக்குப் பிளஸ் 3. பவர் இவ்வளவு வேறுபடும்போது மூளை தெளிவான கண்ணையே நம்பிப் பழகி, மங்கலான கண்ணை ஒதுக்கிவிடுகிறது. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. வேலை கொடுக்கப்படாத கண்ணை எப்படிச் சோம்பேறி என்பது?

கண்ணாடி மட்டும் போட்டே பார்வை தேறிவிடும் பிள்ளைகள் உண்டு. ஆகவே முதல் சில மாதங்கள் கண்ணாடியோடு காத்திருப்பது வீணில்லை. என் மகளுக்கு நான்காம் மாதத்தோடு முன்னேற்றம் நின்றுபோனது. அதன்பின் எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன: நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடுவது, அல்லது அதே கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டுப் பக்கத்தில் இருப்பதை மங்கச் செய்வது.

பலனில் எது மேல்? 2002இல் அமெரிக்காவில் ஏழு வயதுக்கு உட்பட்ட 419 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாருமே நடுத்தரப் பாதிப்பு உள்ளவர்கள். ஆறு மாத முடிவில் இரு தரப்பிலும் பார்வைப் பலகையில் ஏறத்தாழ மூன்று வரி முன்னேற்றம். ஆரம்ப வாரங்களில் மட்டும் ஒட்டு முந்திச் சென்றது. ஆகவே எது வீட்டில் நாள் தவறாமல் நடக்கும் என்பதுதான் பெற்றோர் பார்க்கவேண்டியது.

ஒட்டுப் போட்ட முதல் நாள் என் மகள் சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்கு வந்தாள். "அம்மா, வீடு காணாமல் போய்விட்டது" என்றாள். அன்று நானே அதைப் பிய்த்து எறிந்துவிட இருந்தேன். எல்லாருக்கும் நாள் முழுவதும் கட்டத் தேவையில்லை என்பது பிறகு தெரிந்தது. நடுத்தரப் பாதிப்புக்குத் தினம் இரண்டு மணி நேரமே ஆறு மணி நேரத்துக்கு ஈடான பலன் தந்ததை 2003இல் வந்த ஆய்வு காட்டியது. அந்த இரண்டு மணி நேரத்தை வண்ணம் தீட்டுவது, மணி கோப்பது என்று ஓட்டினோம்.

ஒட்டிலும் இரண்டு வகை. தோலில் ஒட்டுவது ஒன்று, கண்ணாடிமேல் மாட்டும் துணி உறை இன்னொன்று. உறைதான் பிள்ளைக்குச் சுகம். ஆனால் அதிகப் பவர் லென்ஸின் கனத்தில் கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும். பிள்ளை தலையைக் கொஞ்சம் சாய்த்து, இடுக்கு வழியாக நல்ல கண்ணாலேயே பார்த்துவிடும். என் மகள் இரண்டே நாளில் இதைக் கண்டுபிடித்தாள். தோலில் ஒட்டுவதே உறுதி. குளித்த ஈரத்தோடு மெல்ல உரித்தால் தோல் அவ்வளவாகச் சிவப்பதில்லை.

சொட்டு மருந்தின் பெரிய பலம், பிள்ளையால் அதைக் கழற்ற முடியாது என்பது. வார இறுதி இரண்டு நாள் மட்டும் விட்டாலும் தினம் விடுவதற்கு இணையான பலன் கிடைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. தூரப்பார்வை உள்ள, அதாவது பிளஸ் பவர் பிள்ளைகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: கண்ணாடியைக் கழற்றினால் நல்ல கண்ணும் மங்கிவிடுவதால் தாங்களே தேடி எடுத்து மாட்டிக்கொள்வார்கள். நல்ல கண் மைனஸ் பவராக இருந்தாலோ, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருப்பதை அதே கண்ணால் தெளிவாகப் பார்த்துவிட முடியும். மருந்து வீணாகும். டாக்டரிடம் இதைக் கேட்காமல் சொட்டு மருந்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதன் சிரமங்களும் சிறியவை அல்ல. கண்ணின் நடுவில் உள்ள கருவட்டமான பாவை விரிந்தே இருப்பதால் வெயிலில் கண் கூசும், தொப்பி வேண்டும். மருந்தை நிறுத்தினாலும் பாவை பழைய அளவுக்குத் திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாக இருப்பதைப் பள்ளியில் கட்டாயம் சொல்லிவையுங்கள். பிள்ளை விழுந்து தலையில் அடிபட்டால், அதையே ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள நேரும். சொட்டு விட்டதும் கண்ணின் உள்மூலையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் மருந்து உடலுக்குள் போவது குறையும். முகம் சிவந்து காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போகவேண்டும். குப்பி பிள்ளையின் கைக்கு எட்டவே கூடாது, வாய்க்குள் போனால் அது விஷம்.

பார்வை மிகவும் குறைந்த கண்ணென்றால் நான் ஒட்டின் பக்கமே நிற்பேன். தினமும் போராட்டமாகி, இரண்டு மணி நேரம் இருபது நிமிடமாகச் சுருங்கிவிட்ட வீட்டுக்குச் சொட்டு மருந்து நல்லது. எதுவானாலும் நல்ல கண்ணின் பார்வை இறங்குகிறதா என்று குறித்த நாளில் பரிசோதிக்கவேண்டும். தினம் ஆறு மணி நேரம் ஒட்டியவர்கள் சட்டென்று நிறுத்தாமல் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், பார்வை மறுபடி சரிவது குறைகிறது.

நாங்கள் ஏழு மாதம் ஒட்டினோம், பிறகு சொட்டு மருந்துக்கு மாறினோம். இப்போது சனிக்கிழமை காலையில் அவளே தலையணையில் சாய்ந்து, இடக்கண்ணை விரலால் விரித்துக் காட்டுகிறாள்.