மலை நிலத்துக்கு எப்படி விலை சொன்னார்கள்? கணினிக்கு முந்தைய மூன்று வழிகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரு தோட்டத்தையோ பங்களாவையோ அடமானம் வைக்க, பாகம் பிரிக்க, சொத்து வரிக் கணக்குக் காட்ட மதிப்பு தேவைப்பட்டால், அந்தக் கால வேல்யூவர் (சொத்துக்கு மதிப்புப் போடுபவர்) கையில் மூன்று வழி இருந்தது. பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனது என்று பத்திரத்தில் தேடலாம். தோட்டம் தரும் வருமானத்தை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிடலாம். கட்டடம் என்றால், இன்றைக்குக் கட்ட ஆகும் செலவில் தேய்மானத்தைக் கழிக்கலாம். சமவெளியில் மூன்றும் ஓரளவு ஒத்துப்போகும். மலையில் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

பத்திர வழி பார்க்கச் சுலபம். 1908 பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக இன்னொன்று இருக்கும். சர்வே எண்ணைச் சொல்லி, மனுப் போட்டு, தடித்தடியான புத்தகங்களைப் புரட்ட வேண்டும். கிடைத்த விலையை நம்பலாமா என்பதுதான் பிரச்சினை. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கக் குறைத்து எழுதுவது ஊரறிந்த பழக்கம். 1967-இல் முத்திரைச் சட்டத்தில் 47-அ பிரிவு வந்து, குறைமதிப்புப் பத்திரங்களைக் கலெக்டருக்கு அனுப்ப வழி செய்தது. பின்னாளில் வழிகாட்டி மதிப்பு வந்ததும் எல்லோரும் சரியாக அந்தத் தொகையையே எழுத ஆரம்பித்தார்கள். அரசு போட்ட விலை அரசுக்கே திரும்பி வந்தது, அவ்வளவுதான். போதாததற்கு, ஒரே சர்வே எண்ணில் மேல் பாதி ரோட்டை ஒட்டியிருக்கும். கீழ்ப் பாதியிலிருந்து மூட்டையைத் தலைச்சுமையாகத்தான் ஏற்ற வேண்டும். பத்திரம் இரண்டையும் ஒன்றாகவே பேசும்.

இதில் பரப்பளவுத் தகராறு வேறு. 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். சர்வே கணக்கு எப்போதும் கிடைமட்ட அளவு. சரிவில் சங்கிலியைத் தரையோடு படுக்கவிடாமல், மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்க வேண்டும். 30 பாகைச் சரிவில் தரையோடு அளந்தால் 100 அடி என்பது உண்மையில் 86.6 அடிதான். வாய்ப்பேச்சில் வாங்கிய ஒரு ஏக்கர், புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) 87 சென்ட்டுக்கும் குறைவாக நிற்கும். சண்டை அங்கே தொடங்கும்.

தேயிலைத் தோட்டத்துக்கு நான் வருமான வழியைத்தான் நம்புவேன். இலை போடும் ஃபேக்டரியின் ரசீதில் கொழுந்து எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று எல்லாம் இருக்கும். பொய் சொல்ல இடம் குறைவு. ஆனால் எத்தனை வருட வருமானத்தால் பெருக்குவது? செலவு போக ஏக்கருக்கு 3,000 ரூபாய் நின்றால், பத்தால் பெருக்கினால் 30,000. பதினைந்தால் பெருக்கினால் 45,000. தோட்டம் அதேதான், வேல்யூவர்தான் வேறு. அதனால் செடியைப் பார்க்காமல் பெருக்கக் கூடாது: விதையில் வந்த செடியா, தாய்ச்செடியின் துண்டை நட்டு வளர்த்த குளோனா, வயதென்ன, நடுவில் எவ்வளவு காலியிடம். சில்வர் ஓக் மரங்களை விற்பனைக்காரர் பெருமையாகக் காட்டுவார். மலைப்பகுதி மரங்களுக்கு 1955 முதல் தனிச் சட்டம் உண்டு. அனுமதியில்லாமல் வெட்ட முடியாத மரத்துக்கு முழு விலை போடலாமா? கொழுந்து விலையும் ஓரிடத்தில் நிற்காது. 1990-களின் கடைசியில் அது சரிந்தபோது, நல்ல வருடக் கணக்கில் போட்ட மதிப்பெல்லாம் சிரிப்புக்கு இடமானது. ஒரு வருடத்தை வைத்துக் கணக்குப் போட்டவரிடம் நான் ஒரு சென்ட் கூட வாங்க மாட்டேன்.

உருளைக்கிழங்கு நிலம் என்றால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்ட, உருளைச் செடியின் வேரைத் தாக்கும் நூற்புழு அந்த மண்ணில் இருக்கிறதா என்று.

கட்டடச் செலவு வழி தீ இன்ஷூரன்ஸுக்கு நல்லது, மற்றபடி சுமார். பொதுப்பணித் துறை விலைப்பட்டியலை வைத்து, வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்துக்கொண்டே போனால், கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக நூறாண்டு நிற்கும் பங்களாவுக்கு இடிபாட்டு விலைதான் மிஞ்சும். அதன் முன்வாசலில் தெரியும் பள்ளத்தாக்குக்குப் பட்டியலில் வரியே கிடையாது. வாங்குகிறவர் காசு கொடுப்பதோ அதற்கும்தான்.

கூடலூர்ப் பக்கம் போனால் மூன்று வழியும் செல்லாது. ஜென்மம் என்ற பழைய பரம்பரை நிலவுடைமையை ஒழித்த 1969 சட்டத்துக்குப் பிறகும் குத்தகை நிலங்களின் வழக்கு ஓய்ந்தபாடில்லை. அங்கே சங்கிலியை எடுக்கும் முன்பே பட்டாவைக் கேட்பார்கள். இல்லையென்றால், விவரமான வேல்யூவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்.