உப்புக் காற்றுக்கு பவுடர் கோட்டிங்: சிப்காட் பக்கத்துப் பட்டறை எப்படி?

தூத்துக்குடியில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு இருந்தால் இரும்பு வாங்கும் செலவை விட அதைக் காப்பாற்றும் செலவுதான் அதிகம். ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே எனாமல் அடித்து வைத்தாலும் அடுத்த பனிமய மாதா திருவிழாவுக்குள் கேட்டின் அடிப்பட்டை செதில் செதிலாக உரிந்துவிடும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். கீழ்க்காற்றான கொண்டல் அடித்தாலும் உப்பு, மேல்காற்றான கச்சான் அடித்தாலும் உப்பு. அதனால்தான் புதுக் கேட், மொட்டை மாடி நாற்காலிகள், ஏசி வெளி யூனிட் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் உள்ள ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் கொடுத்தேன். பெயின்டுக்குப் பதிலாக மின்னூட்டம் ஏற்றிய பொடியை இரும்பின் மேல் அடித்து, ஓவனில் உருக்கிப் பூச்சாக்குகிற முறை இது. இரண்டு மழைக்காலமும் நடுவில் ஒரு கச்சானும் தாண்டிவிட்டன. இனி தைரியமாக எழுதலாம்.

முதலில் பிடித்தது, அவர்கள் கேட்டை உடனே வாங்கிக்கொள்ளாததுதான். சூப்பர்வைசர் அண்ணாச்சி விளிம்புகளில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இத வெல்டிங் பட்டறைக்கே திருப்பி அனுப்புங்க, கூர் எல்லாம் கிரைண்டர்ல மழுக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார். பொடி ஓவனில் உருகும்போது கூர் விளிம்பை விட்டு விலகி ஓடிவிடும். அங்கே கோட்டிங் மெல்லிசாக நிற்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். வெல்டிங் தெறிப்பு ஒட்டியிருந்த இடங்களையும் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தார். பூட்டுக்கு ஓட்டை, கீலுக்கு ஓட்டை எல்லாம் இப்போதே போட்டுவிடச் சொன்னார். கோட்டிங் முடிந்த பிறகு டிரில் வைத்தால் காசு போச்சு.

அடுத்தது சுத்தம் செய்கிற விதம். நாற்காலிகளை முன்பு வேறொரு இடத்தில் கோட்டிங் செய்திருந்தோம். அங்கே அமிலத் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். திறந்த தகடுக்கு அது சரி. மூடிய பைப்பில் வெல்டிங் ஊசித் துளை வழியாக அமிலம் உள்ளே போய்த் தங்கிவிட்டது. சில மாதத்தில் மூட்டுக்கு மூட்டு பழுப்பு நீர் வழிந்தது, மேல் பூச்சு புத்தம் புதிதாக இருக்கும்போதே. சிப்காட் பட்டறையில் பைப் வேலை என்றால் தொட்டியில் இறக்குவதில்லை, பிளாஸ்டிங்தான், அதாவது கரகரப்பான துகளை வேகமாக அடித்துத் துருவைச் சுரண்டி எடுப்பது. வெளுத்த சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக வெளியே வந்த கேட்டை வெறுங்கையால் தொட விடவில்லை. கை வியர்வையே போதுமாம், கோட்டிங் பிடிக்காமல் போக. பிளாஸ்டிங் முடிந்த இரும்பை எங்கள் ஊர்க் காற்றில் ராத்திரி முழுக்க விடவும் முடியாது, காலையில் செம்மண் நிறமாகிவிடும். அன்றைக்கே பிரைமர் என்ற அடிப்பூச்சை ஏற்றிவிடுகிறார்கள்.

பிரைமரும் பொடிதான், துத்தநாகம் கலந்தது. அதை ஓவனில் பாதி வேகவிட்டு எடுத்து, மேல் கோட் அடித்து, மறுபடி 200 டிகிரியில் முழுசாக வேகவைக்கிறார்கள். பிரைமர் முழுதாக வெந்துவிட்டால் மேல் கோட் சரியாக ஒட்டாது. நேரக் கணக்கும் ஓவனின் சூட்டை வைத்து இல்லை. இரும்பு அந்தச் சூட்டை எட்டிய பிறகுதான் 10 நிமிடம். கனமான கேட் தூணுக்கும் மெல்லிய நாற்காலிக் காலுக்கும் ஒரே நேரம் வைத்தால் ஒன்று வேகாது, இன்னொன்று கருகும். சமையல் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

அண்ணாச்சி பூச்சின் தடிமனை அளக்கும் கையடக்க மீட்டரை வைத்துக் காட்டினார். கேட்டின் நடுப்பட்டையில் இரண்டு கோட்டும் சேர்த்து 140 மைக்ரானை ஒட்டி வந்தது. பூ டிசைனின் உள்மூலையில் 90 கூடத் தேறவில்லை. மின்னூட்டம் ஏறிய பொடி முன்னால் நீட்டியிருக்கும் விளிம்புக்குத்தான் ஓடும், மூலைக்குள் போக மறுக்கும். பொடி அடிக்கும் கன்னில் (துப்பாக்கியில்) வோல்டேஜைக் குறைத்து அந்த மூலைகளுக்கு மட்டும் தனியாக ஒரு தடவை அடிக்க வைத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தது. உப்பு ஊருக்கு நெளிவு சுளிவு இல்லாத டிசைன்தான் நல்லது என்று கேட் செய்த பையன் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

பொடிப் பெட்டியையும் பார்த்துவிடுங்கள். வெளியில் நிற்கும் சாமானுக்கு பாலியஸ்டர்தான் வேண்டும். எபாக்ஸி கலந்தது விலை குறைவு, உள்ளே வைக்கும் பீரோவுக்குப் போதும். வெயிலில் நின்றால் கொஞ்ச நாளில் பளபளப்பு போய், தொட்டால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். இங்கே கேட்டதும் பெட்டியை எடுத்துக் காட்டினார்கள்.

சரி, குறைகளுக்கு வருவோம். பனிமய மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் தருகிறோம் என்றார்கள். ஜூலை 26 போனது, ஆகஸ்ட் 5 சப்பரமும் போனது, அதற்கப்புறம்தான் கேட் வந்தது. திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் தகரத் தட்டியைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். அனுப்பிய விதம் அதை விட மோசம். குட்டி யானையில் அட்டைகூட வைக்காமல், கேட் மேல் நாற்காலிகளைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். கீழ் மூலையில் இரும்பு தெரிய ஒரு கீறல். போன் செய்ததும் டச்-அப் பெயின்ட் கொடுத்துவிட்டார்கள், நிறமும் பொருந்தியது, ஆனால் மினுமினுப்பு வேறு. இன்றைக்கு கேட்டில் துரு இருப்பது அந்த ஒரு மூலையிலும், கீல் உரசும் இடத்திலும்தான். மற்றபடி ஒரு கொப்புளம் கிடையாது. ஏசி ஸ்டாண்டில் அதுவும் இல்லை.

கேரண்டி விஷயம் சிரிப்பு. வாய்ப்பேச்சில் பத்து வருஷம். பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வருஷம், "கடலோரப் பகுதி நீங்கலாக". தூத்துக்குடியில் கடை போட்டுக்கொண்டு!

பிளாஸ்டிங், துத்தநாகப் பிரைமர் எல்லாம் சேர்த்தால் வெறும் கோட்டிங்கைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது. கேட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் கொடுக்கலாம். சுவரில் பதித்த ஜன்னல் கிரில்லுக்கு வழியே இல்லை, கழற்றினால்தான் ஓவனுக்குள் போகும். ஊஞ்சல் சங்கிலியை அவர்களே வாங்க மறுத்தார்கள். வளையம் வளையத்தோடு உரசினால் எந்தக் கோட்டிங்கும் நிற்காது, கால்வனைஸ் (துத்தநாக முலாம்) செய்துகொள்ளுங்கள் என்றார் அண்ணாச்சி.

மாதம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் துடைக்கிறேன், தின்னர் கின்னர் எதுவும் படுவதில்லை. போர் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்பு. தாமிரபரணி குழாய்த் தண்ணீரில் அரை வாளி போதும்.

கொடுக்கிறவர்கள் முன்கூட்டியே போன் செய்து, எந்த நிறம் ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறம் மாற்றினால் பொடி அடிக்கும் கூண்டு, கன், குழாய் எல்லாம் கழுவ வேண்டும் என்பதால் சின்ன ஆர்டர்களைத் தள்ளிப் போடுகிறார்கள். கறுப்பு அடிக்கடி ஓடும், சீக்கிரம் கிடைக்கும். நான் காபிக்கொட்டை நிறம் கேட்டேன், கொடியேற்றம் போய்விட்டது.