நிற்காமல் நடப்பதா, விட்டுவிட்டு நடப்பதா? எம்.எஸ். உள்ளவர்களுக்கு எது தோது?

மூளை, முதுகுத்தண்டு நரம்புகளின் மேலுறை சிதையும் நோயான மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., மிதமான அளவில் உள்ளவர்கள் வாரம் இரண்டு நாள் 30 நிமிட ஏரோபிக் பயிற்சியும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது 2013-இல் வந்த கனடா வழிகாட்டுதல். அந்த 30 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

நிற்காமல் நடந்தால் முதல் சில நிமிடம் நடை சீராக இருக்கும். பிறகு ஒரு பக்கத்துச் செருப்பு நுனி தரையில் உரச ஆரம்பிக்கும், முழங்கால் பின்பக்கமாகப் பூட்டிக்கொள்ளும். இது வெறும் கால்வலி அல்ல. மயலின் என்ற மேலுறை சிதைந்த நரம்பால் அடுத்தடுத்து சமிக்ஞைகளைக் கடத்த முடிவதில்லை. உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே சிலருக்கு இது மோசமாகும். உடற்பயிற்சிக்குப் பின் பார்வை தற்காலிகமாக மங்குவதாக 1890-இல் உதாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் விவரித்ததும் இதே வகைதான். இந்தக் கட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பவர்கள்தான் விழுகிறார்கள்.

விட்டுவிட்டு நடப்பது என்றால் 2 நிமிடம் நடை, 2 நிமிடம் நாற்காலியில் ஓய்வு. நின்றபடி இளைப்பாறினால் கால் ஓய்வெடுக்காது. செருப்பு உரசுவதற்கு முன்பே உட்கார வேண்டும், உரசிய பிறகு அல்ல. ஓய்வெடுத்தால் பயிற்சி வீணாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஒரே மூச்சில் 6 நிமிடம் நடப்பதைவிட, அதையே மூன்று இரண்டு நிமிடங்களாகப் பிரித்தால் பலரும் அதிக தூரம் போகிறார்கள். எங்கள் தேர்வு இதுதான்.

பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குபவர்களுக்கு, சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சாய்வு சைக்கிளே நல்லது. பாதத்தைப் பட்டையால் கட்டி, எதிரே மின்விசிறி வைத்துக்கொள்ளலாம். நீச்சல் குளம் என்றால் தண்ணீர் 27 முதல் 29 டிகிரிக்குள் இருக்கட்டும். மூட்டுவலிக்காரர்களுக்கான வெதுவெதுப்பான குளம் வேண்டாம். கரையேறும்போது உடல் எடை முழுதும் திரும்பக் காலில் இறங்கும், கைப்பிடி அவசியம்.

நாடித்துடிப்பை மட்டும் நம்பாதீர்கள், சிலருக்கு அது உழைப்புக்கு ஏற்ப ஏறாது. சிரமத்தைப் பத்துக்கு ஐந்து, ஆறில் வையுங்கள். சிறுநீர் அவசரத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காமல், குளிர்ந்த நீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள்.

முடித்து 2 மணி நேரமாகியும் அசதி தீரவில்லையா? அடுத்த முறை சுற்றுகளைக் குறையுங்கள், ஓய்வை அல்ல. காய்ச்சலோ சூடோ இல்லாமல் புதிய பலவீனம் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சியை நிறுத்தி நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.