காலிங் பெல்லா, கன்னத்து ஸ்விட்சா?

தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயில் அப்பாவுக்கு முதலில் குரல் போனது, அப்புறம் விரல்கள். ராத்திரியில் எங்களை எழுப்ப, சில நூறு ரூபாயில் ஒரு வயர்லெஸ் காலிங் பெல் வாங்கினோம். பொத்தானைக் கட்டில் கம்பியில் டேப் போட்டு ஒட்டி, மணியை எங்கள் அறை பிளக்கில் செருகியதோடு வேலை முடிந்தது.

ஆனால் அது வாசலில் நிற்பவர் கட்டைவிரலால் அழுத்தச் செய்த பொத்தான். பலம் குறையக் குறைய அப்பா அழுத்துவார், 'டிக்' என்ற சத்தம் வராது. பேட்டரியே வேண்டாத பொத்தான் இன்னும் மோசம். அழுத்தும் விசையிலிருந்துதான் அது மின்சாரம் எடுக்கிறது. கரண்ட் போனால் பிளக்கில் செருகிய மணியும் ஊமை.

மாற்றுத்திறனாளிகளுக்கான தொடு ஸ்விட்ச் வேறு ரகம். லேசாகப் பட்டாலே போதும். கன்னம், முழங்கால், கால் பெருவிரல் என எது அசைகிறதோ அங்கே வைக்கலாம். பெரும்பாலானவற்றில் பழைய ஹெட்போன் போல 3.5 மி.மீ. பின்தான். அதனால் ஒன்று ஒத்துவராவிட்டால் ஸ்விட்சை மட்டும் மாற்றலாம். விலைதான் கடிக்கும். தலையணை ஓர் அங்குலம் நகர்ந்தாலும் கன்னத்துக்கு எட்டாது. புரட்டிப் படுக்க வைத்ததும் ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்போம்.

என் ஓட்டு ஸ்விட்சுக்கு. சரி, பெல்லைத் தூக்கிப் போட வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்பவர் அதன் பொத்தானிலிருந்து இரண்டு வயர் இழுத்து 3.5 மி.மீ. சாக்கெட் வைத்துக் கொடுத்தார். இப்போது அப்பா கன்னத்தைச் சாய்த்தால் அதே பழைய மணி அடிக்கிறது.