தளம், வேலி, தோட்டம்: கிருஷ்ணகிரியில் உள்ளூர் ஆட்களிடம் வேலை கொடுத்த அனுபவம்

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் செல்லும் சாலையை ஒட்டி, என் தந்தையார் 1989இல் கட்டிய வீடும் அதைச் சுற்றி இருபது சென்ட் தோட்டமும் எங்களுக்கு இருக்கின்றன. கடந்த புரட்டாசியில் தொடங்கி இந்த ஆடி வரை மொட்டை மாடித் தளம், கல்கால் வேலி, தோட்டத் துப்புரவு ஆகியவற்றுக்காகச் சிலரை அமர்த்தினேன். ஒருவரிடம் ஏமாந்தேன், ஒருவரிடம் கற்றுக்கொண்டேன், மற்றவர்களிடம் கொடுத்த காசுக்கு ஏற்ற வேலை கிடைத்தது. இந்தப் பக்கத்தில் பழைய வீட்டைச் சீர்செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சமையலறையின் வடகிழக்கு மூலையில் கூரை ஒழுகியதுதான் தொடக்கம். நகரில் விசாரித்ததில் ஒரு ஒப்பந்தக்காரர் கிடைத்தார். வண்ண அட்டைகளோடு வந்தவர் மாடியில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. பதினொரு சதுரத் தளம் முழுவதற்கும், அதாவது 1,100 சதுர அடிக்கும், நீர்க்கசிவைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டால் போதும் என்றார். சதுர அடிக்கு 45 ரூபாய் என்று பேசி, 25,000 ரூபாய் முன்பணமும் வாங்கிக்கொண்டார். வேலைக்கு வந்த இரண்டு பேரும் சுவருக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடித்துப் பழகியவர்கள். தளத்தில் பதித்த தட்டையான ஓடான தட்டோட்டின் மேல் படிந்திருந்த பாசியைச் சுரண்டாமல், இடுக்குகளில் பெயர்ந்திருந்த சாந்தைக் கொத்தி எடுக்காமல், விளக்குமாற்றால் ஒருமுறை கூட்டிவிட்டு, தூசியின் மேலேயே இரண்டு கோட்டிங் அடித்துவிட்டு இரண்டாம் நாள் மாலையே கிளம்பிவிட்டார்கள். ஒப்பந்தக்காரர் அந்த இரண்டு நாளும் வரவில்லை. மீதிப் பணத்துக்கு மட்டும் வந்தார். ஒரு மழை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று 4,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 20,000 கொடுத்தேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

ஐப்பசி மழையில் அதே மூலை மீண்டும் ஒழுகியது. மாடியில் போய்ப் பார்த்தால், கல்லில் வெந்த தோசையின் விளிம்பு கிளம்புவதுபோல் பூச்சு ஓரமெல்லாம் கிளம்பி நின்றது. இழுத்தால் முழம் முழமாகக் கையோடு வந்தது. ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்று தம் விசிட்டிங் கார்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தவர், நான்கு முறை அழைத்தும் தொலைபேசியை எடுக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் கட்டுமானமும் சேவை என்ற சொல்லுக்குள் வருகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் பணம் முழுவதையும் நான் ரொக்கமாகக் கொடுத்திருந்தேன்; ரசீது இல்லை, வேலை விவரம் எழுதிய தாளும் இல்லை. கார்டின் பின்புறக் கிறுக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நிற்க மனம் ஒப்பவில்லை.

தை மாதத்தில், சிமெண்டுக் கடையில் நின்ற ஒரு பெரியவர் சொல்லித்தான் பர்கூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். ஒழுகும் கூரையை அவர் உள்ளே வந்து பார்க்கவே இல்லை. நேராக மாடிக்கு ஏறினார். கரணையின் பிடியால் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். பிடிப்புள்ள ஓடு 'ணங்' என்றது. அடியில் சாந்து விட்டுப்போன ஓடு 'பொத்' என்றது. பொத்தென்று சொன்ன ஓடுகளில் எல்லாம் செங்கல் துண்டால் கோடு போட்டார். பிறகு இரண்டு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, கைப்பிடிச் சுவரின் ஓரமாக ஊற்றிவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் மழைநீர்க் குழாயை நோக்கி ஓடாமல் மூலையிலேயே தேங்கியது. அரை மணி நேரத்தில் அதில் பாதி காணாமல் போயிருந்தது. "வாட்டம் செத்துப்போச்சு சார். தளத்துல குறையில்ல. செவுரும் தளமும் சேர்ற எடத்துலதான் வாய் பொளந்திருக்கு. ரெண்டு சதுரம் எடுத்துப் போட்டாப் போதும், மிச்சத்தத் தொடாதீங்க" என்றார். வாட்டம் என்றால் தண்ணீர் வடிவதற்கான சரிவு. பதினொரு சதுர வேலையை இரண்டாகக் குறைத்துச் சொன்ன மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

மொத்தமாக ஒரு தொகை பேசலாமா என்று கேட்டதற்கு அவர் மறுத்துவிட்டார். கொத்தி எடுத்த பிறகுதான் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியும். இப்போதே தொகை சொன்னால் ஒன்று அவருக்கு நட்டம், இல்லையென்றால் எனக்கு நட்டம் என்றார். நாள்கூலி என்றால் வேலையை இழுத்தடிப்பார்கள் என்று நம்மில் பலருக்கு அச்சம் உண்டு. அது உண்மையும்தான், உடன் நிற்க ஆள் இல்லாத வீட்டில் நாள்கூலி கட்டுப்படியாகாது. ஆனால் பழுதுபார்க்கும் வேலையில் மொத்தத் தொகை பேசினால், அடியில் எதிர்பாராத பழுது தெரியும்போது அதை மூடிவிட்டுப் போவதுதான் ஒப்பந்தக்காரருக்கு லாபம் என்பதை நான் 45,000 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டிருந்தேன். ஆகவே சம்மதித்தேன்.

மேஸ்திரிக்கு 1,100, சித்தாள்கள் இருவருக்கும் தலைக்கு 650, ஆக நாளொன்றுக்கு 2,400 ரூபாய். பழைய ஓடுகளையும் அடியிலிருந்த சுண்ணாம்பு ஜல்லியையும் எடுத்த பின், சுவர் ஓரத்துப் பிளவை விரல் நுழையும் அளவுக்கு அகலமாக்கி, கழுவி, கசிவு தடுக்கும் திரவம் கலந்த சாந்தைத் திணித்தார்கள். சுவரும் தளமும் சேரும் மூலையில் சாந்தைச் சரிவாக உருட்டிப் பூசியதால் இனித் தண்ணீர் அங்கே நிற்க வழியில்லை. வாட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து மட்டம் பார்த்து, நூல் கட்டி, குழாய் வாய் வரை சரிவு கொடுத்தார். ஓடு பதித்த மறுநாள் ஈர மணலால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொன்னார். கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைக்கும், நிலக்கரிச் சாம்பல் போன்றவை சேர்த்த கலப்புச் சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் பாத்தியை நிரப்பும் வேலை என்னுடையது. காலையில் ஒரு நாள் மறந்ததற்குத் தொலைபேசியிலேயே திட்டு வாங்கினேன்.

ஆறு நாள் கூலி 14,400, சிமெண்டும் எம் சாண்டும் ஓடும் திரவமும் சேர்த்து ஏறத்தாழ 9,000. முதல் ஆளுக்கு முன்பணமாகக் கொடுத்ததைவிடக் குறைவு. சித்திரையில் கோடை மழை இரண்டு முறை வெளுத்து வாங்கியபோது சமையலறைக் கூரை காய்ந்தே இருந்தது.

மேஸ்திரியிடம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆறு நாள் வேலை பதினொரு நாளில்தான் முடிந்தது. ஒரு நாள் சாவு வீடு, மூன்று நாள் வேறு ஓர் இடத்தில் கான்கிரீட், ஒரு நாள் காரணமே சொல்லவில்லை. வராத நாளுக்குக் கூலி கேட்கவில்லை என்றாலும், திறந்து கிடக்கும் தளத்தைப் பார்த்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பதன் தவிப்பு நமக்குத்தானே தெரியும். எடுத்துப் போட்ட ரப்பீஸை அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு என்று நானும் முன்கூட்டிப் பேசவில்லை. டிராக்டருக்குத் தனியாக அழுதேன். ஆள் கிடைக்காத சிக்கலுக்கும் காரணம் இருக்கிறது. பெங்களூரு இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்தான். கைத்தேர்ந்த கொத்தனார்களில் பலர் அங்கேயும் ஓசூரிலும் வேலை பார்க்கிறார்கள். நல்ல ஆளை நேரில் பார்த்துப் பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் ஊருக்கே போவது நல்லது.

வேலி வேலையைப் பங்குனியில் கொடுத்தேன். கருங்கல்லுக்குப் பெயர் பெற்ற மாவட்டம் என்பதால் இங்கே சிமெண்ட் தூணை நாட வேண்டிய தேவையில்லை. மூன்று பக்கமும் சேர்த்து 280 அடி; எட்டு அடிக்கு ஒரு கல்லாக 36 கல்கால்கள். ஏழு அடிக் கல்லில் இரண்டு அடி மண்ணுக்குள் போக வேண்டும் என்றும், மூலைக் கற்களுக்கு இருபுறமும் முட்டுக்கல் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். நட்டுக் கொடுப்பது உட்பட கல்லுக்கு 520 ரூபாய் என்ற கணக்கில் 18,720 ரூபாய், கம்பி தனி. எண்ணிப் பார்க்கக்கூடிய வேலை என்பதால் இதற்கு மொத்த ஒப்பந்தமே சரி. கடைசி நாளில் நூல் பிடித்துப் பார்த்தபோது இரண்டு கற்கள் மட்டும் அரையடி உயர்ந்து நின்றன. அடியில் பாறை தட்டியதால் ஒன்றரை அடியிலேயே நட்டிருக்கிறார்கள். தாளைக் காட்டியதும் தகராறு செய்யாமல் அவ்விரண்டையும் பிடுங்கி, பாறையைச் சற்றே உடைத்து, குழியை அகலமாக்கிக் கான்கிரீட் போட்டு நட்டார்கள். முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

தோட்டத்துச் சீமைக் கருவேலத்துக்கு ஜேசிபிதான் வழி. வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்க்கும், வேரோடு பிடுங்கினால்தான் ஒழியும். மணிக்கு 1,300 வீதம் மூன்று மணி நேரம் ஆயிற்று. ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் போகும் தடத்தைச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு வைத்திருந்ததால் அது பிழைத்தது. கோடு போடாத மாமரத்தின் பக்கவேர் ஒன்று பிழைக்கவில்லை. ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்க இரண்டு பெண்கள் ஒரு நாள் வந்தார்கள், சுத்தமான வேலை.

மாமரங்களைக் கவாத்து செய்ய மட்டும் ஆள் கிடைக்கவில்லை. வைகாசியிலும் ஆனியிலும் மரம் ஏறத் தெரிந்த அத்தனை பேரும் மாந்தோப்புகளில் காய் பறிக்கிறார்கள். அறுவடை முடிந்த பிறகுதான் கவாத்தும் செய்ய வேண்டும் என்பதால் காத்திருந்தது நட்டமில்லை. போன வாரம் ஒருவர் வந்து, காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று உரசும் உள்கிளைகளையும் எடுத்துவிட்டு, வெட்டிய வாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவிக் கொடுத்தார். பசை எதற்கு என்று கேட்ட எனக்கு, பூஞ்சை இறங்காமல் இருக்க என்று பொறுமையாக விளக்கினார்.

வாசலில் வண்டி ஏறுவதற்குச் சாய்தளம் போடும் வேலை இன்னும் பாக்கி. அதையும் பர்கூர் மேஸ்திரியிடமே சொல்லியிருக்கிறேன். ஆடி கழியட்டும், ஆவணியில் வருகிறேன் என்றார். முன்பணமாக 2,000 ரூபாய் நீட்டினேன். வேலை தொடங்கும் அன்றைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று மறுத்துவிட்டு, மட்டம் பார்க்கும் தம் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் எங்கள் திண்ணை மூலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.